ஒரே பிள்ளையார், இரண்டு கதவு

உப்பளம் பகுதியில், விளையாட்டரங்கத்துக்குப் போகிற சாலையில், தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே நசுங்கினாற்போல் ஒரு டைப்பிங் கடை இருந்தது. கலைவாணியின் கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, பயோடேட்டா என்று பலகையில் பத்து விஷயம் எழுதியிருந்தாலும் கடை பெயர் வாங்கியது ஒரே வேலையில்தான். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, குடும்பக் காகிதங்கள் இவற்றையெல்லாம் பிரெஞ்சில் அடித்து, தூதரகத்துக்கு எடுத்துப் போகிற பக்குவத்தில் கொடுக்கிற வேலை.

மொழிபெயர்க்கிறவர் ராமலிங்கம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய மாணவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்கிற மாதிரி "முசியே" என்பார்கள். அவர் முத்திரை விழுந்தால்தான் காகிதம் செல்லும். ஆனால் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். நீல மையில் முத்து முத்தாகக் கையால் எழுதித் தருவார். அதைப் பார்த்து அடிக்கிறவள் தீபலட்சுமி.

தீபலட்சுமிக்குப் பத்தொன்பது வயது. அப்பா வேலை பார்த்த மில் கதவடைத்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. எழுத்தைப் படமாகப் பார்த்து அடிப்பாள். ஓர் எழுத்தின் தலையில் வலப்பக்கம் சாய்ந்த கோடு, இன்னொன்றின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு, ஒன்றுக்குக் கூரை, ஒன்றுக்கு அடியில் வால். படித்தவர்கள் அடித்தால் கண் முந்திக்கொண்டு அடுத்த வார்த்தைக்கு ஓடிவிடும், இந்தப் பெண்ணுக்கு ஓட வழியில்லை, அதனால் தப்பு வருவதில்லை என்று ராமலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பாராட்டா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடாது. தலையைக் குனிந்துகொள்வாள். யாரிடமும் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கேட்டால் பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கலைவாணி வாரம் ஒரு தடவையாவது கேட்பாள்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. ராமலிங்கம் போட்ட சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் திருத்துவதற்கு முன்பே பாதியில் சேமித்து வைத்திருந்த ஒரு கோப்பு தவறிப்போய் அச்சுக்குப் போய்விட்டது. ஒருவருடைய பிறந்த மாதம் மாறி, அதன் கீழே இவருடைய முத்திரையும் விழுந்து, தூதரகம் வரை போய்த் திரும்பி வந்தது. மனிதருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்று சொன்னார், தான் படித்துத் திருத்துகிற வரைக்கும் எதையும் சேமிக்கக் கூடாது, திருத்தாதது மெஷினில் இருந்தால்தானே அச்சுக்குப் போகும் என்று. கம்ப்யூட்டர் தானாகச் சேமித்துக்கொள்கிற வசதியையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தாகிவிட்டது. அதிலிருந்து தீபலட்சுமி எத்தனை பக்கம் அடித்தாலும் அது திரையில் மட்டும்தான் இருக்கும். அவர் வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, வரி வரியாகப் படித்துத் தலையாட்டிய பிறகுதான் அதற்கு ஒரு பெயர் வைத்துச் சேமிப்பாள். மின்சாரம் போனால் பேட்டரி தாங்குகிற நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளே தவிர, சட்டத்தை மீறியதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரும் கடையில் ஒன்றே ஒன்றுதான். வைரஸ் புகுந்து ஒரு தடவை எல்லாம் அழிந்துபோனதும், பெங்களூரில் வேலை பார்க்கிற கலைவாணியின் தம்பி தமிழ்மாறன் பொங்கலுக்கு வந்தபோது விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். ஒரு மெஷினுக்குள் இரண்டு அறை கட்டியிருக்கிறேன், அக்காவுக்கு ஒன்று, தீபலட்சுமிக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை படாது என்றான். ஐந்து நிமிஷம் யாரும் தொடாமல் விட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டின திரையில் என்ன படம் வேண்டும் என்று கேட்டான். கலைவாணி பிள்ளையார் படம் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு படம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தான். சாமியில் என்னடா ஆளுக்கு ஒன்று என்று அவள் அதட்டினாள். இரண்டுக்கும் அதே பிள்ளையாரைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

படம் திரை முழுக்க நிறைந்திருக்கும். யாருடைய பெயரும் தெரியாது. பிள்ளையாரின் காலடியில் பாஸ்வேர்டு போட ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் சிலர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு.

தீபலட்சுமி மனதில் இதைப் பற்றி ஒரு கணக்கு இருந்தது. வாசலில் பிள்ளையார் ஒருவர்தான். அவர் காவல்காரர் மாதிரி. வருகிறவர் சொல்கிற சொல்லைக் கேட்டு, இது கலைவாணியின் சொல், இது தீபலட்சுமியின் சொல் என்று அடையாளம் கண்டு, அவரவர் அறைக்கு அனுப்புகிறார். தமிழ்மாறன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எப்படி என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஏனென்றால் கலைவாணிக்கு எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம். தீபலட்சுமி எழுந்து போன நேரத்தில் தன்னுடைய அறைக்குள் போய் ஏதாவது செய்தாலும், வேலை முடிந்ததும் இரண்டு மூன்று பொத்தானைத் தட்டித் திரையைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். தீபலட்சுமி வந்து உட்கார்ந்து தன் சொல்லைப் போட்டால் தன் அறை திறக்கும். ஒன்றரை வருஷமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை அது தவறியது.

அன்றைக்கு அவள் அடித்துக்கொண்டிருந்தது தனக்கொடியின் காகிதங்கள். தனக்கொடி குருசுக்குப்பத்துப் பெண். அவள் கணவன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளை. பாரிஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் வேலை. கல்யாணம் ஆகி ஆறு வருஷத்தில் இரண்டு தடவை வந்து போயிருக்கிறான். பையனுக்கு ஐந்து வயது. அப்பா என்றால் அவனுக்கு டெலிபோன். கணவனிடம் போய்ச் சேரத்தான் இந்தக் காகிதங்கள். முன்பு ஒரு தடவை வேறெங்கோ அடித்த காகிதத்தில் ஒரு பக்கம் குறைந்ததென்று தூதரகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி தேதி கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அந்தத் தேதிதான் இந்த வியாழக்கிழமை, மாலை நாலு மணி. இதை விட்டால் அடுத்தது மழைக்காலத்தில்தான். அதற்குள் அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். பையனுக்கு இன்னொரு வருஷம் போய்விடும், அவளுக்கும்தான்.

கடைசிச் சான்று நகராட்சியிலிருந்து கைக்கு வரவே செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. ராமலிங்கம் ஒரே நாளில் மொழிபெயர்த்தார். தீபலட்சுமி வியாழன் காலை ஏழு மணிக்கே கடைக்கு வந்து உட்கார்ந்தாள். பதினோரு பக்கம். கட்டம் கட்டமான பதிவேட்டுப் பக்கங்கள், தலையில் கோடும் கூரையுமாக எழுத்துகள். கடைசி வரியை அடித்து நிமிர்ந்தபோது மணி ஒன்று. ராமலிங்கம் இரண்டு மணிக்கு வந்து படிப்பதாக ஏற்பாடு. அவள் திரையைப் பூட்டினாள். பிள்ளையார் வந்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தையல் கடைப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடப் பின்கட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கலைவாணி இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதாகவும், அப்படியே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டதாகவும் சைக்கிள் கடைக்காரர் சொன்னார். தீபலட்சுமி உட்கார்ந்து கட்டத்தில் தன் சொல்லைப் போட்டாள். கட்டம் ஒரு உதறு உதறிக் காலியாயிற்று.

விரல் தவறியிருக்கும் என்று மறுபடி போட்டாள். மறுபடி உதறியது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, பிரெஞ்சு அடிக்கிற நிதானத்தில் போட்டாள். பிள்ளையார் அசையவில்லை. தும்பிக்கையில் மோதகத்தை வைத்துக்கொண்டு, உன்னை யாரென்றே தெரியாது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு பக்கமும் அந்தப் படத்துக்குப் பின்னால், எங்கும் சேமிக்காமல், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மறுபடி அடிக்க ஆறு மணி நேரம் வேண்டும். இருப்பது இரண்டு.

தனக்கொடி முன்னதாகவே வந்துவிட்டாள். நீலப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்ட காகிதக் கட்டு. வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததா என்று கண்ணாலேயே கேட்டாள். தீபலட்சுமி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். தனக்கொடி ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, விசிறிக்காற்றில் தலைமுடியைச் சரிசெய்தாள்.

அக்காவுக்குப் போன் செய்து பார்க்கலாம் என்று கடைப் போனை எடுத்துக் கலைவாணியின் செல் நம்பரை அழுத்தினாள். மேஜை டிராயருக்குள் ஏதோ பாட்டு கேட்டது. டிராயரைத் திறந்தாள். கலைவாணியின் செல்போன் உள்ளே நடுங்கிக்கொண்டு பாடியது. அதிலேயே தமிழ்மாறனின் எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மீண்டும் அடித்தாள். இந்தத் தடவை அணைத்து வைத்திருந்தான்.

சரியாக இரண்டு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு ராமலிங்கம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், திரையைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்ததும் வழக்கம்போல் ஒரு விநாடி கண்ணை மூடினார். திறந்தபோதும் பிள்ளையாரே இருந்தார்.

என்ன ஆயிற்று என்று அவர் கேட்க, உள்ளே போக முடியவில்லை என்று அவள் முனக, அவருக்குக் காது சரியாகக் கேட்காமல் இன்னும் உரக்கச் சொல்லச் சொல்ல, கடைசியில் தனக்கொடிக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. அவள் கத்தவில்லை. காகிதக் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தீபலட்சுமிக்குத் தேவலை என்றிருக்கும்.

"கெடைக்குமா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

ராமலிங்கம் தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் புரட்டினார். இதிலேயே முத்திரை குத்திக் கொடுத்தால் என்ன என்று தனக்குத்தானே கேட்டு, கையால் எழுதியதை வாங்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வீட்டு டிவியும் இப்படித்தானாம். திடீரென்று ஒன்றும் வராதாம். ஒரு தடவை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். சொல்லிக்கொண்டே குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியின் பெரிய பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

தீபலட்சுமி நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தரையில் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய உள்ளங்கை பொத்தானை மூடியிருந்தது. அவருடைய விரல் அவள் புறங்கையில் இடித்தது.

"வேணாம் சார்," என்றாள். "பதினோரு பக்கமும் உள்ள உயிரோட இருக்கு. அணைச்சா செத்துப் பூடும்."

ராமலிங்கம் கையை இழுத்துக்கொண்டார். அவள் குரலை அவர் இவ்வளவு உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. ஆனால் திரையில் மட்டும் வைக்கச் சொன்னது தன் சட்டம்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படியென்றால் என்னதான் செய்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவள் மண்டியிட்டபடியே இருந்தாள். கண் மட்டத்தில் பிரிண்டர் இருந்தது. அதன் தட்டில் ஒரு தாள் கிடந்தது. மீசை வைத்த ஓர் ஆளின் பாஸ்போர்ட் போட்டோ, ஒரே தாளில் எட்டு. ஒன்றுகூட வெட்டி எடுக்கப்படவில்லை.

அவள் சாப்பிடப் போகும்போது தட்டு காலியாக இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, ராமலிங்கம் வந்ததும் அச்சடிக்க வேண்டுமே என்று அவள்தான் தட்டைத் துடைத்து வைத்தாள். அப்படியானால் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கலைவாணி இதை அச்சடித்திருக்கிறாள். போட்டோ வேலை முழுக்கக் கலைவாணியின் அறைக்குள் இருக்கிறது. அவள் தன் அறைக்குள் போய் அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்து ஆள் வந்திருக்கிறான். வெட்டக்கூட நேரமில்லாமல், செல்போனைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறாள். திரையைப் பழையபடி வைக்கிற வேலை அன்றைக்கு நடக்கவில்லை. அப்புறம் ஐந்து நிமிஷம் கழித்து அது தானாகப் பூட்டிக்கொண்டது.

சரி. பூட்டிக்கொண்டது எது?

அவள் குடியிருக்கிற லைன் வீடுகள் எட்டு. எட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே நிலைப்படி, வீட்டுக்காரர் ஒரே கடையில் மொத்தமாக வாங்கிய ஒரே மாதிரிப் பூட்டு. போன மாசியில் ஒரு விடியற்காலை, மூன்றாம் வீட்டு மண்ணாங்கட்டி இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்து, தீபலட்சுமி வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டுக் கால் மணி நேரம் திருகினார். பூட்டையும் பூட்டு செய்தவனையும் அவன் பரம்பரையையும் திட்டிக்கொண்டே திருகினார். அப்பா கதவைத் திறந்து, உன் வீடு அடுத்தது என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தார். சாவியிலும் குற்றமில்லை, பூட்டிலும் குற்றமில்லை. நின்ற கதவுதான் வேறு.

தீபலட்சுமி எழுந்து நின்றாள். பிள்ளையாரைப் பார்த்தாள். அவர் காவல்காரர் இல்லை. வாசலில் ஒருவராக நின்று சொல் கேட்டு ஆள் பிரிக்கிறவர் இல்லை. அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பிள்ளையார், எல்லாம் ஒரே படம். இவள் இவ்வளவு நேரமும் கலைவாணியின் கதவில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுடைய கதவு பக்கத்தில் எங்கோ பத்திரமாகச் சாத்திக் கிடக்கிறது.

"சார், இது அக்காவோட பிள்ளையார்," என்றாள். "என்னுது வேற."

ராமலிங்கம் தனக்கொடியைப் பார்த்தார். தனக்கொடி ராமலிங்கத்தைப் பார்த்தாள். அதிர்ச்சியில் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த கதவுக்குப் போவது எப்படி? அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கிறது. கலைவாணி திரையைப் பழையபடி வைக்கும்போது அவள் விரல்கள் எங்கே போகும் என்று தீபலட்சுமி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் கீழ்வரிசையில் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அமுக்கும். வலது ஆள்காட்டி விரல் மேலே, எல்லாவற்றுக்கும் மேல் வரிசையில், நடுவுக்குச் சற்று வலப்பக்கம் ஒன்றைத் தட்டும். F7ஆ, F8ஆ? அது மட்டும் தெரியவில்லை.

இன்னொன்று நன்றாகத் தெரியும். அந்த இரண்டையும் அமுக்கிக்கொண்டு பின்னால் அழிக்கிற பொத்தானைத் தட்டிவிடாதே, திறந்து வைத்திருப்பதெல்லாம் ஒரே அடியாகப் போய்விடும் என்று தமிழ்மாறன் போகும்போது எச்சரித்துவிட்டுப் போனான். அழிக்கிற பொத்தான் இருப்பதும் அந்தப் பக்கம்தான், ஒரு வரிசை கீழே, ஒரு சாண் தள்ளி. சாதாரண நாளில் ஒரு சாண் நிறைய தூரம். அன்றைக்கு அது ஒரு நூல் தூரமாகத் தெரிந்தது.

உள்ளங்கை வேர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இடது கையின் இரண்டு விரலை அமுக்கினாள். வலது விரலை உயரத் தூக்கி, கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி நேராக இறக்கி, F7ஐத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையார் அப்படியே இருந்தார்.

தனக்கொடி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். சுவரில் மணி இரண்டு இருபது.

தீபலட்சுமி விரலை ஒரு பொத்தான் தள்ளி இறக்கினாள். F8.

திரை சட்டென்று கறுத்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கறுப்பாகவே இருந்தது.

"அணைஞ்சுட்சு," என்றார் ராமலிங்கம்.

திரை மீண்டும் வெளிச்சமானது. பிள்ளையார் வந்தார். அதே பிள்ளையார், அதே மோதகம், அதே வெள்ளைக் கட்டம். ராமலிங்கம் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தனக்கொடி பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். அவர்களுக்கு எதுவும் மாறவில்லை. தீபலட்சுமிக்கு மட்டும் அந்தக் கறுப்பு மூச்சு ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடந்த நடை என்று தெரிந்திருந்தது. தெரிந்ததா, அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. தன் சொல்லை எழுத்தெழுத்தாகப் போட்டாள். என்டரைத் தட்டினாள்.

பிள்ளையார் விலகினார்.

பதினோராம் பக்கம் திறந்து கிடந்தது. கடைசி வரிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கறுப்புக் கோடு, விட்ட இடத்திலேயே, எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி இமைத்துக்கொண்டிருந்தது. அவள் மேலே போய்ப் பார்த்தாள். பத்து, ஒன்பது, எட்டு. கூரைகளும் வால்களும் வைத்த இடத்தில் வைத்தபடி. ஒன்றாம் பக்கம் வரைக்கும் போய்த் தனக்கொடியின் பெயரைப் பார்த்த பிறகுதான் மூச்சை விட்டாள். விட்ட மூச்சோடு கண்ணில் நீரும் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை.

"சேவ் பண்ணு பாப்பா," என்றார் ராமலிங்கம். "மொதல்ல சேவ் பண்ணு. பாத்துக்கினு இருக்காத."

"திருத்தலயே சார்."

"சட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம். பண்ணு."

அவள் சேமித்தாள். என்ன பெயர் வைப்பது என்று கேட்க நேரமில்லாமல் 'திருத்தாதது' என்று ஆங்கில எழுத்தில் வைத்தாள். அதைப் பார்த்து ராமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷமாக இந்தப் பெயர் தனக்குத் தோன்றவில்லையே என்றார். தனக்கொடி அவர்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டித் திரையைப் பார்த்தாள். அவளுக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆனால் தன் பெயரும் மகன் பெயரும் இருந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். என் வயிற்றில் பாலை வார்த்தாய் தங்கச்சி என்று அவள் சொன்னபோது தீபலட்சுமி வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உதட்டோரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அப்புறம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. ராமலிங்கம் வரி வரியாகப் படித்தார். ஏழாம் பக்கத்தில் ஓர் எழுத்தின் தலைக்கோடு வலமாகச் சாய வேண்டியது இடமாகச் சாய்ந்திருந்தது. அது ஒன்றுதான். அதுவும் தன் கையெழுத்தில் உள்ள குற்றம் என்று அவரே ஒத்துக்கொண்டார். மூன்று பத்துக்கு அச்சு. ஒவ்வொரு பக்கமாக எண்ணி, தனக்கொடி ஒரு தடவையும் தீபலட்சுமி ஒரு தடவையும் எண்ணி, பதினொன்றும் இருக்கிறது என்று உறுதியான பிறகு முத்திரை. மூன்றரைக்குச் சைக்கிள் கடைக்காரர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். தனக்கொடி ஏறினாள். ராமலிங்கமும், ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு, குடையோடு அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவர் அப்படிக் கூடப் போகிறவர் இல்லை.

கடை திடீரென்று காலியானது. தீபலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

நாலரைக்குக் கலைவாணி வந்தாள். மகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் தான் பக்கத்துக் கதவுக்குப் போய்த்தான் வேலை பார்ப்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடி."

"நான்தான் கேக்க மாட்டேனே," என்றாள் தீபலட்சுமி.

கலைவாணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். இது பதிலா எதிர்ப்பேச்சா என்று முடிவுசெய்ய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் சிரித்துவிட்டாள். தமிழ்மாறன் அப்போதுதான் போனில் கூப்பிட்டான். அவனை அவள் விட்டுவைக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தனக்கொடி மட்டும் இறங்கினாள். முசியேவை வழியில் வீட்டில் இறக்கிவிட்டதாகச் சொன்னாள். உள்ளே அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாராம். ஏழாம் பக்கத்தில் கொஞ்சம் நின்றாராம். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாராம். கடைசியில் கட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாராம். ஒரு பக்கமும் குறையவில்லை, எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் காட்டினாள். தொட்டுப் பார் என்று தீபலட்சுமியின் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகவில்லையா என்று கலைவாணி கேட்டாள். போக வேண்டும், பையன் காத்துக்கொண்டிருப்பான், ஆனால் கால் வரமாட்டேன் என்கிறது, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றாள் தனக்கொடி. பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரில் தலையைச் சாய்த்தாள். நேற்றிரவும் முந்தின இரவும் அவள் கண் மூடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்து, சின்னக் குறட்டை வந்தது. சீட்டு இருந்த உறையை மட்டும் விரல்கள் விடவில்லை.

பாதி ஷட்டரை இறக்கலாமா என்று கலைவாணி கையை உயர்த்தினாள்.

"சத்தம் போடும்க்கா. தூங்கட்டும்," என்றாள் தீபலட்சுமி. திரைப்பக்கம் திரும்பி, நாளைக்கு வேண்டிய காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானையும் ஓசை வராமல் பூவை அழுத்துகிற மாதிரி அழுத்தி அடிக்க ஆரம்பித்தாள்.